செய்நிரல் தெரியாதவரின் ஸ்மார்ட் வீடு: குருநகரிலிருந்து ஓர் அனுபவம்

2024 ஓகஸ்டில் ஒருநாள் விடியப்புறம் மூன்றரை மணியளவில், எங்கள் வீட்டு நடைவழியில் அம்மா விழுந்தார். அப்பா தொழிலுக்குப் போன காலத்தில் அந்த நேரத்துக்கு எழும்பித் தேத்தண்ணி வைத்துப் பழகியவர். அப்பா இறந்து ஒன்பது வருடமாகிறது. வள்ளமும் விற்றாயிற்று. ஆனாலும் இறங்குதுறைப் பக்கம் இயந்திரச் சத்தம் கேட்கத் தொடங்கினால் அம்மாவுக்கு நித்திரை கலைந்துவிடும். நடைவழியின் சுவிச் அவருடைய அறைக்கு எதிர்ப்பக்கத்தில், குசினி வாசலோடு இருக்கிறது. இருட்டில் பன்னிரண்டு அடி நடந்துதான் அதைப் போட வேண்டும். அன்று அந்தப் பன்னிரண்டு அடிக்குள் விழுந்து மணிக்கட்டு வெடித்தது. இடுப்பு தப்பியது.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அடுத்த நாளே தொலைபேசியில் சொன்னார்: "தம்பி, வீட்டை ஸ்மார்ட் ஆக்குவம். எல்லாம் போனிலயே செய்யலாம், புரோகிராம் ஒண்டும் தெரியத் தேவையில்லை." நான் உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தவன். வலைக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். கணினியில் எக்செல் அட்டவணைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அண்ணா சொன்னது உண்மையா என்பதை ஒன்றரை வருடமாகச் செய்துபார்த்து அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றித்தான் கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், இந்தச் சாமான்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம். ஸ்மார்ட் மின்குமிழ், ஸ்மார்ட் பிளக், சுவருக்குள் வைக்கும் சிறிய சுவிச் பெட்டி எல்லாவற்றுக்குள்ளும் வைஃபை தெரிந்த ஒரு சில்லு இருக்கிறது. ஷாங்ஹாயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014இல் ஈஎஸ்பி8266 என்ற மிக மலிவான வைஃபை சில்லைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் இப்படிப்பட்ட பொருட்கள் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டும் விலைக்கு வந்தன. அதே 2014இல் சீனாவின் ஹாங்சோவில் தொடங்கிய துயா என்ற நிறுவனம், யார் தயாரித்த பொருளானாலும் இயக்கக்கூடிய ஒரு பொதுவான மென்பொருளை விற்கிறது. அதனால்தான் கடையில் பத்துப் பெயர்களில் கிடைக்கும் பிளக்குகள் பலவும் 'ஸ்மார்ட் லைஃப்' என்ற ஒரே செயலிக்குள் வந்துவிடுகின்றன. ஷென்சென் நகரத்து சோனோஃப் பொருட்களுக்கு 'ஈவீலிங்க்' என்று வேறொரு செயலி. வாங்கும்போது பெட்டியில் எந்தச் செயலியின் பெயர் இருக்கிறது என்று பார்த்து, வீடு முழுவதற்கும் ஒன்றையே வைத்துக்கொண்டால் தலையிடி குறையும்.

கைத்தொலைபேசியில் நீங்கள் அழுத்தும் கட்டளை பெரும்பாலும் நேரே விளக்குக்குப் போவதில்லை. இணையம் வழியாக எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் வழங்கிக்குப் போய், அங்கிருந்து உங்கள் வீட்டு ரவுட்டருக்கு வந்து, அதற்குப் பிறகுதான் விளக்குக்கு வருகிறது. ரொறன்ரோவிலிருந்து அண்ணா குருநகரில் விளக்கைப் போடுவது இப்படித்தான். நீங்கள் செயலியில் எழுதிவைக்கும் விதிகளும் பெரும்பாலும் அந்த வழங்கியில்தான் இருக்கின்றன. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு மோட்டர் எரிந்த கதை வருகிறது.

இணைப்பது இலகு. பிளக்கைச் செருகி, அதன் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் வேகமாக மின்னத் தொடங்கும். செயலியைத் திறந்து வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்தால் முடிந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் பலர் தடுக்குப்படுகிறார்கள். இந்தப் பொருட்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டுமே அறியும். புதிய ரவுட்டர்கள் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகின்றன. அரை மணித்தியாலம் மல்லுக்கட்டியும் பிளக் இணையவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ரவுட்டரின் அமைப்புக்குள் போய் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிட்டு, 2.4இல் இணையுங்கள்.

அதற்குப் பிறகு வருவதுதான் 'செய்நிரல் இல்லாத செய்நிரல்'. செயலியில் 'ஓட்டோமேஷன்' என்ற பகுதியைத் திறந்தால் இரண்டு பெட்டிகள் இருக்கும். மேல் பெட்டியில் நிபந்தனை, கீழ்ப் பெட்டியில் செயல். 'சூரியன் மறைந்தால்' என்பது மேலே, 'முற்றத்து விளக்கைப் போடு' என்பது கீழே. வேறு நிபந்தனைகளும் உண்டு: ஒரு குறிப்பிட்ட நேரம், இன்னொரு சாதனம் எரிவது அல்லது அணைவது, உங்கள் கைத்தொலைபேசி வீட்டை விட்டுத் தூரம் போவது. செயல்களுக்கு நடுவே 'பத்து நிமிடம் பொறு' என்று வைக்கலாம். இந்த விதி இரவில் மட்டும் என்று எல்லை போடலாம். எல்லாமே விரலால் தொட்டுத் தெரிவு செய்வதுதான், ஒரு வரிகூடத் தட்டச்சுச் செய்ய வேண்டியதில்லை. தமிழில் 'என்றால்' என்று முடியும் வசனத்தைச் சொல்லத் தெரிந்த எவருக்கும் இது முடியும். எங்கள் முற்றத்து விளக்குக்கு நான் எழுதிய முதல் விதி சூரிய மறைவை வைத்ததுதான். யாழ்ப்பாணத்தில் நவம்பரில் ஆறு மணிக்கு முன்னரே பொழுது படுகிறது, யூலையில் ஆறரையைத் தாண்டுகிறது. நேரத்தை வைத்தால் மாதத்துக்கு மாதம் மாற்ற வேண்டும். சூரியனை வைத்தால் ஒருமுறை எழுதினால் போதும்.

அண்ணா சொன்னதில் உண்மையான பாதி இது. இனி மற்றது.

அம்மாவின் நடைவழிக்கு முதலில் ஸ்மார்ட் மின்குமிழ் ஒன்றைப் போட்டோம். அண்ணா காணொளி அழைப்பில் இருந்தபடியே தன் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து எல்லாவற்றையும் அமைத்துத் தந்தார். இரண்டு நாள் நல்லாக எரிந்தது. மூன்றாம் நாள் செயலியில் 'சாதனம் இணைப்பில் இல்லை' என்று வந்தது. காரணம் அம்மாதான். ஸ்மார்ட் மின்குமிழுக்கு எப்போதும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். சுவரில் சுவிச்சை அணைத்தால் அது வெறும் கண்ணாடிதான். ஐம்பது வருடமாக அறையை விட்டு வெளியே வரும்போது சுவிச்சை அணைத்துப் பழகிய ஒரு மனுசியிடம், இனி அதைத் தொடாதேங்கோ என்று எப்படிச் சொல்வது? "உது என்ன லைற்? சுவிச்சைப் போட்டாலும் எரியுதில்லை, போடாட்டியும் எரியுது" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி.

இதற்குத் தீர்வு மின்குமிழை மாற்றுவதில் இல்லை. சாதாரண மின்குமிழையே வைத்துக்கொண்டு, சுவிச்சுக்குப் பின்னால் சிறிய வைஃபை பெட்டியைப் பொருத்த வேண்டும். அப்போது சுவரில் அழுத்தினாலும் வேலை செய்யும், கைத்தொலைபேசியிலும் வேலை செய்யும். ஆனால் இங்கே எங்கள் வீடுகளின் வயரிங் குறுக்கே வருகிறது. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு நியூற்றல் வயர் தேவை. இங்கே சுவிச் பெட்டிக்குள் பொதுவாக வருவது லைனும், விளக்குக்குத் திரும்பிப் போகும் வயரும் மட்டும்தான். நியூற்றல் கூரையில் விளக்குத் தாங்கியோடு நின்றுவிடும். அதனால் எங்கள் வீட்டில் பெட்டியைக் கூரைப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. இது கைத்தொலைபேசியில் செய்யும் வேலையல்ல. 230 வோல்ற். வயரிங் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது ட்றிப் சுவிச் உண்மையில் விழுகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: வயர் முனைகள் உப்புக்காற்றில் பச்சை பிடித்து இறுக்கம் குறைந்திருக்கும். எங்கள் வீட்டில் திறந்த மூன்று பெட்டிகளில் இரண்டு அப்படித்தான் இருந்தன.

அடுத்து அசைவை உணரும் கருவி. அம்மா எழும்பி நடந்தால் விளக்கு தானாக எரிய வேண்டும் என்பது அண்ணாவின் ஆசை. மின்கலத்தில் இயங்கும் வைஃபை உணரி ஒன்றை வாங்கினோம். அது மின்கலத்தை மிச்சம்பிடிக்க எப்போதும் நித்திரையிலேயே இருக்கும். அசைவைக் கண்டால் விழித்து, ரவுட்டரோடு இணைந்து, வெளிநாட்டு வழங்கிக்குச் சொல்லி, வழங்கி விளக்குக்குச் சொல்லி, விளக்கு எரியும். எங்கள் வீட்டில் இதற்கு மூன்று நான்கு விநாடி எடுத்தது. கேட்க ஒன்றுமில்லாத நேரம்தான். ஆனால் நான்கு விநாடியில் அம்மா நடைவழியின் நடுவுக்கு வந்துவிடுகிறார், இருட்டில். அதோடு திடீரென்று தலைக்கு மேல் வெளிச்சம் வந்ததும் திடுக்கிட்டு நின்றார். விழுவதைத் தடுக்க வாங்கிய சாமான் விழுத்திவிடும் போலிருந்தது. கழற்றிவிட்டேன்.

பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 வோற் எல்இடி மின்குமிழ் ஒன்று இரவு முழுவதும், சொல்லப்போனால் 10 மணித்தியாலம் எரிந்தால் 30 வோற்-மணித்தியாலம். மாதத்துக்கு 0.9 அலகு. ஒரு அலகுகூட இல்லை! அசைவு, உணரி, வழங்கி ஒன்றும் தேவையில்லை. பொழுது பட்டால் எரி, விடிந்தால் அணை. நடைவழியில் மங்கலான வெளிச்சம் இரவு முழுவதும் நின்றது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

ஆனால் ஒக்டோபர் மாதம் ஒருநாள் விடியப்புறம் இருபது குறைய நாலுக்கு அம்மா என்னைக் கூப்பிட்டார். குளியலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடைவழி இருட்டு. கரண்ட் இருந்தது. இணையமும் இருந்தது. செயலியைத் திறந்து பார்த்தால் இரண்டு நிமிடத்துக்கு முன்னர் யாரோ கைத்தொலைபேசியிலிருந்து அணைத்திருக்கிறார்கள். ரொறன்ரோவில் அப்போது பின்னேரம் ஆறு மணி கடந்திருந்தது. அண்ணா வேலை முடிந்து பஸ்ஸில் இருந்தபடி செயலியைப் பார்த்திருக்கிறார். "அம்மா லைற்றை நிப்பாட்ட மறந்திட்டா எண்டு நினைச்சன், தம்பி. கரண்ட் காசு கூடுமெல்லோ." அவரிலும் பிழை சொல்ல முடியாது. தாயின் வீட்டில் ஒரு விளக்கு வீணாக எரிவதைப் பதின்மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அணைத்த மகன் அவர். ஆனால் அந்த விரலுக்கு இங்கே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது.

உடனே நான் கெட்டித்தனமாக ஒரு விதி எழுதினேன். 'இரவு ஒன்பது முதல் விடிய ஆறு வரை நடைவழி விளக்கு அணைந்தால், பத்து விநாடியில் மீண்டும் போடு.' அண்ணா அணைத்தாலும் எரியும். அருமையாக வேலை செய்தது. இரண்டாம் இரவு அம்மா சுவிச்சை அணைத்தார், எரிந்தது. மீண்டும் அணைத்தார், மீண்டும் எரிந்தது. அவருக்குக் கண்ணில் வெளிச்சம் படுகிறதாம், அன்று தலையிடி. "என்ர வீட்டில லைற்றை நிப்பாட்ட எனக்கு உரிமை இல்லையோ?" என்று கேட்டார். அந்த விதியை அன்றிரவே அழித்தேன்.

இந்தச் செயலிகளில் வீட்டுக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். கணக்கை முதலில் திறந்தவர் எவரோ அவர்தான். அவர் மற்றவர்களை நிர்வாகியாகவோ சாதாரண உறுப்பினராகவோ சேர்க்கலாம். எங்கள் வீட்டின் உரிமையாளர், செயலியைப் பொறுத்தவரை, கனடாவில் இருந்தார். வீட்டில் இருக்கும் நானும் அம்மாவும் அவருடைய விருந்தாளிகள். வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கி அனுப்பும் கமெராக்களும் சுவிச்சுகளும் உள்ள எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன். ஆரம்பத்திலேயே வீட்டில் வசிப்பவரின் பெயரில் கணக்கைத் திறப்பதுதான் சரி. நான் எல்லாச் சாதனங்களையும் அழித்து, என் பெயரில் முதலிலிருந்து சேர்த்தேன். அண்ணாவைச் சாதாரண உறுப்பினராகப் போட்டேன். சாதாரண உறுப்பினர் விதிகளை மாற்ற முடியாது. ஆனால் விளக்கை அணைக்க முடியும். அதற்கு மேல் செயலி உதவவில்லை, கதைத்துத்தான் தீர்க்க வேண்டியிருந்தது. கதைத்தபோதுதான் விளங்கியது, அவருக்கு வேண்டியது விளக்கை இயக்குவதல்ல. அம்மா எழும்பிவிட்டாரா என்று அறிவது. அதற்கு வேறு விதி போதும்: 'விடியப்புறம் மூன்று மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் குசினி விளக்கு எரிந்தால், அறிவித்தல் அனுப்பு.' அம்மாவிடம் கேட்டுத்தான் வைத்தேன். "அவனுக்குத் தெரியட்டும்" என்றார். அதற்குப் பிறகு அண்ணா ஒரு விளக்கையும் தொட்டதில்லை.

இனி மோட்டர். குருநகரில் பல வீடுகளைப் போலவே எங்களுக்கும் குழாய்த் தண்ணீர் நிலத்தில் உள்ள தாங்கிக்கு வந்து, அங்கிருந்து அரைக் குதிரைவலு மோட்டரால் மேல் தாங்கிக்குப் போகிறது. மேலே நிரம்பி வழிவதும், யாராவது ஓடிப்போய் அணைப்பதும் தினசரி வேலை. ஒரு மலிவான ஸ்மார்ட் பிளக்கை மோட்டருக்குப் போட்டேன். 'மோட்டர் போட்டால் இருபது நிமிடத்தில் அணை' என்று விதி எழுதினேன். மூன்று மாதம் பிரச்சினையே இல்லை.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பலருக்கு ஞாபகம் இருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டுப்பட்டு, நாடு முழுவதும் மின்சாரம் நின்ற நாள். பூசையால் வந்து மோட்டரைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில், பதினொன்றரை மணியளவில் கரண்ட் போனது. அதை மறந்துவிட்டோம். பின்னேரம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டோம். நாங்கள் இல்லாத நேரம் கரண்ட் வந்திருக்கிறது. பிளக் தன் பழைய நிலையை ஞாபகம் வைத்திருந்து, மோட்டரைத் தானாகவே போட்டிருக்கிறது. ரவுட்டர் எழும்பி இணையத்தைப் பிடிக்கச் சில நிமிடமாகும். அன்று அந்தப் பக்கம் இணையம் வரவே நெடுநேரமானது. என்னுடைய இருபது நிமிட விதி இருந்தது வெளிநாட்டு வழங்கியில். 'அணை' என்று சொல்ல ஆளில்லை. நிலத்தாங்கி வற்றிய பிறகும் மோட்டர் வெறுமனே ஓடி, நாங்கள் வரும்போது எரிந்த மணம் முற்றம் வரை வந்தது. சுருள் சுற்றிய செலவு பிளக்கின் விலையைவிடப் பல மடங்கு.

சுருள் சுற்றியவர் பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உந்தச் சின்னச் சாமானை மோட்டருக்குக் குடுத்தா எத்தினை நாளைக்குத் தாங்கும்? இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு ஒட்டிப்போகும்." அவர் சொன்னது விளங்க எனக்கு ஒரு வாரமானது. பிளக்கில் 10 அம்பியர் அல்லது 16 அம்பியர் என்று எழுதியிருக்கும். அது விளக்கு, இஸ்திரிப்பெட்டி போன்றவற்றுக்கான கணக்கு. அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது மூன்று அம்பியர் அளவுதான் எடுக்கும். ஆனால் தொடங்கும் கணத்தில் அதைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் பிளக்குக்குள் இருக்கும் சிறிய ரிலேயின் தொடுமுனைகளில் பொறி பறக்கும். ஒருநாள் அவை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது செயலி 'அணைந்துவிட்டது' என்று காட்டும், மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். சரியான முறை, ஸ்மார்ட் சுவிச் ஒரு கொன்ராக்டரின் சுருளை மட்டும் இயக்குவது. மோட்டரின் மின்னோட்டம் கொன்ராக்டர் வழியாகப் போகும். இதுவும் வயரிங் தெரிந்தவரின் வேலைதான்.

அந்த ஞாயிறு எனக்குப் புரியவைத்தது இதைத்தான்: நான் எழுதிய விதிகளில் 'என்றால்' எல்லாம் இருந்தது, 'இல்லாவிட்டால்' ஒன்றுகூட இல்லை. கரண்ட் இல்லாவிட்டால்? இணையம் இல்லாவிட்டால்? கரண்ட் வந்து இணையம் வராவிட்டால்? செய்நிரல் எழுதுபவர்கள் தங்கள் நேரத்தில் பெரும் பகுதியை இந்தக் கேள்விகளோடுதான் கழிக்கிறார்கள் என்று பின்னர் ஒருவர் சொன்னார். செயலிகள் எங்களைத் தட்டச்சிலிருந்து காப்பாற்றுகின்றன. இந்தக் கேள்விகளிலிருந்து காப்பாற்றுவதில்லை. தடையில்லாத மின்சாரம் உள்ள நாட்டில் இருந்து வழிகாட்டிக் காணொளி போடுபவருக்கு இது தோன்றாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1990களின் முற்பகுதியில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து டைனமோவில் வானொலி கேட்டவர் அப்பா. அவரிடம் கேட்டிருந்தால் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்டிருப்பார்.

செயலிக்குள்ளேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது, பலர் திறந்து பார்ப்பதில்லை. சாதனத்தின் அமைப்புக்குள் போனால் 'ரிலே ஸ்ரேற்றஸ்' அல்லது 'பவர்-ஒன் ஸ்ரேற்' என்று இருக்கும். கரண்ட் போய் வந்தால் என்ன நிலைக்கு வர வேண்டும் என்பதற்கு மூன்று தெரிவுகள்: எரிந்த நிலை, அணைந்த நிலை, பழைய நிலை. மோட்டர், இஸ்திரிப்பெட்டி, சூடாகும் எதுவானாலும் அணைந்த நிலை. அம்மாவின் நடைவழி விளக்குக்கு எரிந்த நிலை. பகலில் கொஞ்ச நேரம் வீணாக எரிந்தாலும் பரவாயில்லை. அடுத்தது, தானாக அணையும் நேரத்தைச் சாதனத்துக்குள்ளேயே வைப்பது. சோனோஃப் சுவிச்சுகளில் இதை 'இஞ்சிங்' என்பார்கள். போட்ட பிறகு இத்தனை நேரத்தில் அணை என்பதைச் சில்லே எண்ணும். இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அணையும். உங்கள் சாதனத்தில் எது உள்ளே இருக்கிறது, எது வழங்கியில் இருக்கிறது என்று அறிய ஒரு வழி: விதியை வைத்துவிட்டு ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். நேரத்துக்கு வேலை செய்தால் உள்ளே இருக்கிறது.

இதோடு மேல் தாங்கியில் ஒரு மிதவைச் சுவிச்சும், நிலத்தாங்கியில் ஒன்றும் போட்டோம். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறி மோட்டரை வெட்டும், கீழே வற்றினால் மற்றது வெட்டும். இதற்கு வைஃபை தேவையில்லை, கணக்குத் தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை. உண்மையைச் சொன்னால் எங்கள் தண்ணீர்ப் பிரச்சினையைத் தீர்த்தது இதுதான். பக்கத்து வீட்டு அக்கா போன மாதம் "எனக்கும் உந்த போன் மோட்டர் பூட்டித் தா, தம்பி" என்று கேட்டபோது, மிதவைச் சுவிச்சை மட்டும் போடச் சொன்னேன்.

மின்பட்டியல் குறையும் என்று சொல்லி இதை விற்கிறார்கள். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கட்டணம் கூடிய நாட்டில் இது காதில் இனிக்கும். குளிரூட்டி உள்ள வீட்டில், யாரும் இல்லாத அறையில் அதை அணைத்தால் மிச்சம் வரும். எல்இடி மின்குமிழ்களும் இரண்டு மின்விசிறியும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் உள்ள வீட்டில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. மாறாக, ஒவ்வொரு ஸ்மார்ட் சாதனமும் சும்மா இருக்கும்போதே கட்டளைக்காகக் காத்துக்கொண்டு ஒரு வோற் அளவு எடுக்கும். ஒரு வோற் மாதம் முழுவதும் என்றால் 0.72 அலகு. பத்துச் சாதனம் 7 அலகு. மாதம் 60 அலகுக்குள் இருக்கும் வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணையும், தாண்டினால் வேறொன்றும் இருக்கிறது. 58இல் நின்ற வீடு 65க்குப் போனால் அந்த 7 அலகுக்கு மட்டுமல்ல, முழுப் பட்டியலுக்கும் கணக்கு மாறும். அதனால் நான் ஐந்து சாதனத்தோடு நிறுத்திவிட்டேன்.

இன்னொரு 'இல்லாவிட்டால்' இருக்கிறது: அந்த நிறுவனம் இல்லாவிட்டால்? 2016 மே மாதத்தில் அமெரிக்காவில் ரிவோல்வ் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கருவியின் சேவையை, அதை வாங்கிய நெஸ்ற் நிறுவனம் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் வெறும் பிளாஸ்ரிக் பெட்டி மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்ரியொன் நிறுவனத்தின் வழங்கிகள் முன்னறிவித்தலே இல்லாமல் நின்றன. இதற்கு மாற்றாக, எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே ஒரு சிறிய கணினியில் வைத்திருக்கும் 'ஹோம் அசிஸ்ரன்ற்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. போலஸ் ஸ்கௌட்சன் 2013இல் தொடங்கியது. இப்போது அதிலும் விரலால் தொட்டே விதிகள் அமைக்கலாம். ஆனால் நிறுவுவதும் பராமரிப்பதும் கொஞ்சம் பொறுமை கேட்கும். நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. வெவ்வேறு நிறுவனப் பொருட்கள் வீட்டுக்குள்ளேயே ஒன்றோடொன்று கதைப்பதற்காக 2022 ஒக்டோபரில் 'மற்றர்' என்ற பொதுத் தரநிலையின் முதற்பதிப்பு வந்தது. புதிதாக வாங்குபவர்கள் பெட்டியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கமெராவைப் பற்றி ஒரு வார்த்தை. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான கமெராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றியிருக்கவில்லை. வாங்கிய அன்றே மாற்றுங்கள். எங்கள் வீட்டுக்குள் கமெரா வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். படலையில் மட்டும் ஒன்று இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் ஓடுவது நாலு விதி. ரவுட்டருக்கு ஒரு சின்ன மின்கலப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், கரண்ட் போனாலும் சில மணித்தியாலம் இணையம் நிற்கும். மாதத்தில் முதல் ஞாயிறு, யாகப்பர் கோவில் பூசை முடிந்து வந்ததும், மெயின் சுவிச்சைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு மீண்டும் போடுவேன். பிறகு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பேன்: மோட்டர் அணைந்திருக்கிறதா, நடைவழி விளக்கு எரிகிறதா, அம்மா சுவிச்சை அழுத்தினால் அது கேட்கிறதா. ஒவ்வொரு முறையும் குசினிக்குள்ளிருந்து அம்மா கேட்பார்: "கரண்ட் போயிட்டுதோ, தம்பி?"

"இல்லையம்மா, நான்தான்."